மூன்று காலக்கணக்குகள்

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வீட்டோடு வீடாக வாழ்ந்த நாய் ஒன்று இறந்துவிட்டால், அதை வளர்த்த குடும்பத்தாரிடம் அண்டை அயலார் கேட்பதும், சிறிது காலத்துக்குப் பின் அவர்களே தமக்குள் கேட்டுக்கொள்வதும் ஒரே கேள்விதான்: இன்னொன்றை எப்போது கொண்டுவரலாம்? சிலர் வெறுமை தாளாமல் அந்த வாரமே ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள்; சிலர் இனி இந்த வீட்டில் நாயே வேண்டாம் என்று சபதம் செய்து, அந்தச் சபதத்திலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். இவ்விரு சாராரும் தம் மனத்தின் வலி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு காலத்தை அளக்கிறார்கள். ஆனால் விஞ்ஞானத்தின் துணைகொண்டு பார்த்தால், இங்கே மூன்று வெவ்வேறு காலங்கள் ஒருங்கே ஓடிக்கொண்டிருப்பது புலனாகும். துக்கப்படும் மனிதனுக்கு ஒரு காலம் உண்டு; இறந்த நாய் புழங்கிய தரைக்கும் மண்ணுக்கும் ஒரு காலம் உண்டு; புதிதாக வரவிருக்கும் நாய்க்கும் தனியே ஒரு காலம் உண்டு. இவற்றைப் பிரித்தறிந்துகொண்டால், மேற்படி கேள்விக்கு உணர்ச்சிவசப்படாமலும் அதே சமயம் உணர்ச்சியை அவமதிக்காமலும் விடை காண முடியும்.

இந்த விசாரணைக்குச் சென்னையின் மேற்குப் புறநகரைக் களமாகக் கொள்வது பொருத்தம். அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளும் 1960களில் எழுந்தபோது, அவற்றைச் சுற்றிப் பெருகிய குடியிருப்புகளில் இன்றும் மதிற்சுவரும் கிரில் கேட்டும் இரண்டு தென்னைகளும் கொண்ட தனி வீடுகள் கணிசமாக உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பின்னரும், உட்தெருக்களில் அத்தகைய வீடுகள் எஞ்சியிருக்கின்றன. கேட்டுக்கு உள்ளே ஒரு வளர்ப்பு நாய், கேட்டுக்கு வெளியே நான்கைந்து தெரு நாய்கள் என்பது இப்பகுதிகளின் சகஜமான காட்சி. சென்னை மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கெடுப்பு, நகரின் தெரு நாய்களை ஏறத்தாழ 1.8 இலட்சம் என மதிப்பிட்டது. மாநகராட்சியின் அப்போதைய பதினைந்து மண்டலங்களில், 2011இல் அதனோடு இணைந்த அம்பத்தூரே இந்த எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது. ஆகவே இழப்பும் அந்த இழப்புக்குப்பின் ஏற்கத்தக்க உயிரும் ஒரே தெருவில், ஒரே கேட்டின் இருபுறமும் இருக்கின்றன என்று கூறினால் அது மிகையாகாது.

துக்கத்தின் காலம்

மனிதர் இறந்தால் நம் சமூகம் காலத்தை வகுத்துக் கொடுத்திருக்கிறது. உறவினர் துக்கம் விசாரிக்க வருவர். பத்தாம் நாளும் பதினாறாம் நாளும் காரியங்கள் நடக்கும். அலுவலகத்தில் விடுப்பு கேட்டால் மறுக்கமாட்டார்கள். நாய் இறந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. முதல் நாள் இரவு முழுதும் கண்விழித்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர், மறுநாள் காலை வழக்கம்போல் மின்சார ரயிலேறி வேலைக்குப் போகிறார். முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தவரிடம் காரணத்தைச் சொன்னால், "நாய்தானே" என்ற ஆறுதல் கிடைக்கிறது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் இவ்வகைத் துயரங்களை, சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று தனியே வகைப்படுத்தினார். வெளிப்படுத்த இடமின்றிப் போகும் துக்கம் குறைந்துவிடுவதில்லை என்பதும், பகிர்ந்துகொள்ள ஆளில்லாமையே அதை நீட்டித்துவிடும் என்பதும் அவருடைய கருத்தின் சாரம்.

இந்த அங்கீகாரம் நம் முன்னோரிடம் அடியோடு இல்லாமலிருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனின் ஆட்சிக்காலத்தில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மடிந்த வீரனுக்காக எழுப்பிய அந்தக் கல்லில், அவனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளனைக் கடித்துக் காவலிருந்ததையும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமம் தன் நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்து நினைவுகூர்ந்தது என்றால், இன்று நாய்க்காக அழுபவர் எவரும் வெட்கப்பட வேண்டிய அவசியமில்லை.

இனி, இந்தத் துக்கத்தின் இயல்பைப் பார்ப்போம். ஜான் பவுல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், குழந்தைக்கும் தாய்க்கும் இடையேயுள்ள பந்தத்தை ஆராய்ந்து 1969 முதல் 1980 வரை மூன்று பெருநூல்களாக வெளியிட்டார். பந்தம் என்பது பிராணிகளின் உயிர்ப் பாதுகாப்புக்காகப் பரிணாமத்தில் வளர்ந்த ஓர் அமைப்பு என்பதும், அது அறுபடும்போது மனம் முதலில் செய்வது தேடுதலே என்பதும் அவர் காட்டிய முக்கியமான உண்மைகள். மாலை ஆறு மணிக்குக் கை தன்னிச்சையாகச் சங்கிலியை நோக்கிப் போவதும், கேட் திறக்கும் ஓசை கேட்டதும் குரைப்பொலியைச் செவி எதிர்பார்ப்பதும், தயிர் சாதத்தில் கடைசிக் கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு நினைவு வந்து திடுக்கிடுவதும் அந்தத் தேடலின் அடையாளங்கள். உடலில் பதிந்த வழக்கம் செய்தியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே இதன் பொருள். இதில் மனக்கோளாறு எதுவுமில்லை.

துக்கம் படிப்படியாக இறங்கி ஒரு நாள் முடிந்துவிடும் என்ற பொது நம்பிக்கையைப் பிற்கால ஆராய்ச்சி திருத்தியிருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, துயருற்ற மனம் இழப்பை நோக்கியும் வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறி ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டமே குணமடையும் வழி. ஆகவே புதிய நாயைக் கொஞ்சிச் சிரித்த அதே மாலையில் பழைய நாயின் படத்தைப் பார்த்துக் கண்கலங்குவது முரண்பாடு ஆகாது. இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் ஆறுதல் கிடைக்கும் என்ற பழைய கருத்தையும் 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகியோர் மறுத்து, அந்தப் பந்தம் உருமாறித் தொடர்வதே ஆரோக்கியம் என்று நிறுவினர்.

எனவே நாட்களை எண்ணித் தகுதியை நிர்ணயிக்க இயலாது. எச்சரிக்கைக்குரிய விஷயம் வேறொன்று. ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற இருவர் 1964இல் எழுதிய ஒரு கட்டுரை, இறந்த குழந்தையின் இடத்தை நிரப்புவதற்கென்றே பெற்றுக்கொள்ளப்பட்ட குழந்தைகளின் அவலத்தை ஆராய்ந்தது. இறந்த குழந்தையோடு ஓயாமல் ஒப்பிடப்பட்டு, அதன் நிழலிலேயே வளர்ந்த அக்குழந்தைகள் தமக்கென்று ஒரு சுயமின்றித் தவித்தன. நாய் விஷயத்திலும் இதே அபாயம் உண்டு. அதே இனம், அதே நிறம், அதே பெயர் என்று தேடி அலைபவர், வந்த நாய் பழைய நாயைப்போல் செய்தித்தாளைக் கவ்வி வரவில்லை என்பதற்காக அதன்மேல் கசப்படைகிறார். வேறு பெயரும் வேறு சுபாவமும் கொண்ட ஒரு ஜீவனைக் காண மனம் ஆசைப்படத் தொடங்கிவிட்டதா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். அந்த ஆசை பத்தாம் நாளில் வந்தாலும் சரி, இரண்டு வருடம் கழித்து வந்தாலும் சரி, அதுவே துக்கத்தின் காலக்கணக்கு.

மண்ணின் காலம்

மனம் தயாராகிவிட்டது என்பதால் வீடும் தயாராகிவிட்டது என்று கொள்ள முடியாது. மூப்பினாலோ இருதய நோயினாலோ நாய் இறந்திருந்தால் வீட்டைப் பற்றிக் கவலையில்லை. பார்வோ என்ற கிருமியால் ஒரு குட்டி ரத்தபேதி கண்டு இறந்திருந்தால் விஷயம் முற்றிலும் வேறு. 1978இல் உலகின் பார்வைக்கு முதன்முதலாக வந்து, ஓரிரு ஆண்டுகளுக்குள் எல்லாக் கண்டங்களையும் வளைத்துக்கொண்ட இந்த வைரசுக்கு வெளிப்புறக் கொழுப்புறை கிடையாது. கொழுப்புறை உள்ள கிருமிகளைச் சோப்பு கரைத்து அழித்துவிடும். உறையே இல்லாத இதனிடம் சோப்பும் சாதாரணத் தரைகழுவும் திரவங்களும் தோற்றுப்போகின்றன. வீட்டுக்குள் இரண்டு மாதத்துக்கு மேலும், நிழலும் ஈரமும் உள்ள தோட்ட மண்ணில் அதனினும் நீண்ட காலமும் அது வீரியத்துடன் காத்திருக்கக்கூடும். சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் சலவைத் திரவத்தை ஒன்றுக்கு முப்பது பங்கு நீரில் கலந்து, முதலில் அழுக்கு நீங்கக் கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அது அழியும். மண்ணை அவ்வாறு கழுவ முடியாதாகையால், அங்கே வெயிலும் காலமுமே மருந்து.

இத்தகைய வீட்டுக்குத் தடுப்பூசி முழுமையடையாத குட்டியைக் கொண்டுவருவது, அன்பின் பெயரால் செய்யும் கொடுமையாக முடியும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறாவது வாரம் வரை தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் உண்டு. தாயின் சீம்பாலோடு வந்த எதிர்ப்புச் சக்தி, நோயைத் தடுப்பதுபோலவே தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தேய்ந்து மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். தெருவில் பிறந்த குட்டியின் தாய் எப்படிப்பட்டவள் என்பதை அறியோமாகையால், எல்லாத் தவணைகளையும் தவறாமல் போடுவதே உசிதம். அல்லது தடுப்பூசி போட்டு முடிந்த வளர்ந்த நாயை ஏற்பது இன்னும் உத்தமம்.

உண்ணிக் காய்ச்சலால் இறந்த நாயின் வீட்டில் வேறொரு பகை ஒளிந்திருக்கும். பழுப்பு நாய் உண்ணி தன் ஆயுளின் பெரும்பகுதியை நாயின்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்துச் சிறு திராட்சை அளவுக்கு உப்பிய பெண் உண்ணி, நாயைவிட்டு இறங்கிச் சுவர்மேல் மெல்ல ஊர்ந்து ஏறி, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலோ மின்கம்பிக் குழாயின் பின்னாலோ உள்ள விரிசலில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. வெளிவரும் குஞ்சுகளும், வளர்ந்த உண்ணிகளும் உணவின்றியே பல மாதங்கள் உயிர்தரிக்க வல்லவை. நாய் இறந்து மூன்று மாதமாயிற்று என்று குடும்பத்தார் எண்ணியிருக்க, விரிசலுக்குள் உண்ணிகள் அடுத்த நாயின் மூச்சுக்காற்றை எதிர்நோக்கிக் கிடக்கும். சுவர்ப் பிளவுகளைப் பூசி மூடுவதும், வீட்டுக்கு உரிய மருந்து அடிப்பதும், புது நாய்க்கு வந்த நாள் முதலே உண்ணி மருந்து கொடுப்பதும் இன்றியமையாதவை. மழைக்காலத்தில் கொரட்டூர், பட்டாபிராம் போன்று நீர் தேங்கும் பகுதிகளில், எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசியையும் சேர்த்துக்கொள்வது நலம்.

தெருவின் வரலாறு

ஏற்கத்தக்க நாய் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய நகரத்தின் வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றே அவற்றைக் கட்டுப்படுத்த முயன்றது. கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதனால் எண்ணிக்கை குறையவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து நாயைப் பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை 1964 முதல் வலியுறுத்தி வந்தது. அந்த அமைப்பின் எஸ். சின்னி கிருஷ்ணா முதலியோரின் முப்பதாண்டு விடாமுயற்சிக்குப் பின்னரே 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது; 2001இல் மத்திய அரசு அதை நாடு தழுவிய விதியாக்கி, 2023இல் புதிய விதிகளை வகுத்தது. காது நுனியில் சிறு வெட்டுள்ள நாயைத் தெருவில் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்டது என்று அறியலாம்.

அவ்வாறு ஓரிடத்தில் கூட்டத்தோடு நிலைபெற்று, அக்கம்பக்கத்தார் சோறிட வாழும் ஆரோக்கியமான நாயைப் பிடித்து வீட்டுக்குள் அடைப்பது அதற்கு நன்மையென்று திடமாகச் சொல்வதற்கில்லை. அடைக்கலம் உண்மையில் வேண்டியவை வேறு. தாயை இழந்த குட்டிகள், வண்டியில் அடிபட்டுக் கால் இழந்தவை, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நேர்ந்ததுபோல் இடம்பெயர்ந்து திக்கற்றவை, ஆசையாய் வாங்கிச் சலித்தபின் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்பட்ட உயர்சாதி நாய்கள் ஆகியவையே அவை. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. குட்டிகளின் நிலையோ மிகவும் பரிதாபம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் மேற்கு வங்கத்தில் 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாத வயதை எட்டியவை 19 சதவீதமே; மாண்டவற்றில் பெரும்பாலானவற்றின் முடிவுக்கு மனிதரே ஏதோ ஒரு வகையில் காரணமாயிருந்தனர்.

நாயின் காலம்

இவ்வாறு வந்து சேரும் நாய் நம்மோடு ஒட்டுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. குட்டியாக இருந்தால்தான் பழகும் என்பது பொதுவான எண்ணம். ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்கர்கள் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சி, மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையே மனிதரைக் காணாது வளரும் குட்டி பிற்காலத்தில் அஞ்சி ஒதுங்கும் என்று காட்டியது உண்மையே. ஆனால் டீக்கடை பெஞ்சின் அடியிலும் ஆட்டோ நிறுத்தத்தின் ஓரத்திலும் வளர்ந்த நம் நாட்டு நாய், அந்தப் பருவத்தை மனிதர் நடுவேதான் கழித்திருக்கிறது.

ஹங்கேரியில் மார்த்தா காட்சி முதலிய விஞ்ஞானிகள் காப்பகங்களிலுள்ள வளர்ந்த நாய்களைக் கொண்டு செய்து 2001இல் வெளியிட்ட பரிசோதனை, இத்துறையில் மிகவும் நெகிழவைக்கும் ஒன்று. முன்பின் அறியாத ஒருவர், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை மட்டுமே ஒவ்வொரு நாயோடும் பழகினார். அதன்பின் புதிய அறையொன்றில் வைத்துச் சோதித்தபோது, அந்த நாய் அவரை அந்நியரினின்றும் வேறுபடுத்தி, அவர் பிரிந்து திரும்பும்போது குழந்தை தாயிடம் ஓடுவதுபோல் ஓடிச்சென்று அணைந்தது. அரை மணி நேர அன்பு அதற்குப் போதுமாயிருந்தது. மனிதனுக்கு மாதங்கள் வேண்டிய காரியம் நாய்க்கு நிமிடங்களில் கைகூடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கையில், இருவரில் பொறுமை காட்ட வேண்டியவர் யார் என்பது தெளிவாகும். பத்ராவின் குழுவினர் 2017இல் நம் நாட்டுத் தெரு நாய்களிடமே செய்த ஆய்வும், அந்நியர் ஒருவர் மீண்டும் மீண்டும் வந்து சோறிடுவதைவிடத் தடவிக்கொடுப்பதே அவற்றின் நம்பிக்கையை உறுதியாகப் பெற்றுத் தந்ததாகக் கண்டது.

மனம் விரைந்து ஒட்டினாலும் உடல் அமைதியடையக் காலம் வேண்டும். காப்பகத்தில் முதல் மூன்று நாட்களில் இருக்கும் நாயின் ரத்தத்தில், மன உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, வீட்டு நாய்களைவிட மிகுதியாக இருந்து பின்னர் படிப்படியாகத் தணிவதை மைக்கேல் ஹென்னசியின் 1997ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. புது வீட்டுக்கு வரும் நாயின் முதல் நாட்களிலும் இந்தக் கலக்கத்தைக் கண்கூடாகக் காணலாம். மாடிப்படியின் கீழோ ஸ்கூட்டருக்குப் பின்னாலோ ஒடுங்கிக் கிடக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்குவதால் நகங்களை ஊன்றி நின்றுவிடும். குக்கர் விசில் அடித்தால் உடல் விதிர்க்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போது உண்ணாது, விளக்கணைத்த பின் தட்டைக் காலி செய்யும். உறவினரை அழைத்துக் காட்டுவது, குளிப்பாட்டுவது, பழைய நாயின் இடத்தில் கட்டிப்போட்டுப் பழக்குவது ஆகிய யாவும் அந்நாட்களில் வேண்டாதவை. வேளை தவறாத சோறும், அருகே சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரும் போதும். வீட்டில் ஏற்கெனவே இன்னொரு நாய் இருந்து அதுவும் துணையை இழந்திருந்தால், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தாலியில் 426 பேரிடம் விசாரித்து 2022இல் வெளியான ஆய்வில், துணை நாய் இறந்தபின் எஞ்சிய நாயின் நடத்தை மாறியதாக 86 சதவீதத்தினர் கூறினர்.

சட்டத்தின் நிலையும் இப்போது தெளிவு. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அந்த நாய் மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் காப்பது அவர் பொறுப்பு என்றும் கூறியது. அம்பத்தூர்வாசி சென்னை மாநகராட்சியையும், ஆவடிவாசி 2019 முதல் தனி மாநகராட்சியாகிவிட்ட ஆவடியையும், பூந்தமல்லிவாசி தம் உள்ளாட்சி அமைப்பையும் அணுக வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு அது. ஓய்வுபெற்ற முதியவர்கள், தமக்குப்பின் யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு மகனிடமோ மகளிடமோ விடை பெற்றபின் ஏற்பதும், இளங்குட்டியை விடுத்து நடுவயது நாயைத் தேர்வதும் அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. நாயை முதல் தடவையாக வளர்க்கும் குடும்பம், பல தவறுகளை அந்த நாயின் உடம்பிலேயே செய்து கற்றுக்கொள்கிறது. காதின் உட்புறத்தை விரலால் தடவி உண்ணி தேடுவது, ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை என்று சந்தேகிப்பது, ஒரு வேளை சோற்றை மறுத்ததற்கும் இரண்டு வேளை மறுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வது, ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசியை மறவாதிருப்பது, தீபாவளி இரவில் ஜன்னலை மூடி உடனிருப்பது முதலிய ஞானம் அனைத்தும் இறந்த நாய் பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடிருந்து அந்த வீட்டாருக்குக் கற்பித்த கல்வி. நோயை முதல் நாளிலேயே கண்டுகொள்ளும் அந்தக் கண்தான் தெருவில் பிறந்த குட்டிக்கு எல்லாவற்றினும் முதன்மையாகத் தேவைப்படுவது. அது கிட்டாமல் போவதும் பல குட்டிகள் ஏழாம் மாதத்தைக் காணாமைக்கு ஒரு காரணம். இழந்தவர் வீட்டில் அந்தக் கல்வி இன்னும் இருக்கிறது. மனமும் மண்ணும் இசைந்த நாளில் அதை ஒரு திக்கற்ற உயிருக்குப் பயன்படுத்துபவர், பழைய நாய்க்குத் துரோகம் செய்தவராகார். அது கற்பித்ததை வீணாக்காதவர் ஆவார்.